டாக்கா, யாழ்ப்பாணம், வன்னி: அடுத்த நாட்டுக்குள் போவதும் போகாமல் இருப்பதும்

"பலமுள்ள ஒரு நாடு இன்னொரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவது சரியா? ஈராக்கைப் பார்த்தால் கூடவே கூடாது என்று தோன்றுகிறது. ருவாண்டாவைப் பார்த்தால் தலையிட்டிருக்கத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. எதைப் பிடித்துக்கொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடங்களுக்கு மேல் கல்லூரியில் சர்வதேச அரசியல் பாடம் நடத்தியவன் நான். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் இதே கேள்வியோடு வகுப்பு முடிந்த பிறகு வந்து நிற்பார். அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

ஈராக்கும் ருவாண்டாவும் நாம் தூரத்தில் இருந்து படித்தவை. பக்கத்திலேயே, நம் இந்திய அரசே பெரிய நாடாக நின்று முடிவெடுத்த மூன்று தருணங்கள் இருக்கின்றன. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானுக்குள், அதாவது இன்றைய வங்கதேசத்துக்குள், போனது. 1987இல் இலங்கைக்குப் போனது. 2009இல் இலங்கைப் போரின் கடைசிக் கட்டம் நடந்த வன்னிக்குப் போகாமல் இருந்தது. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உங்கள் குழப்பத்துக்கு ஒரு வழி கிடைக்கும் என்று நம்புகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலையிடலாம், சில நேரம் தலையிட்டே ஆக வேண்டும். ஆனால் அந்த மண்ணின் மக்கள் ஏற்கெனவே எடுத்துவிட்ட ஒரு முடிவுக்குத் துணையாகத்தான் போக வேண்டும். அவர்களுக்குப் பதிலாக முடிவெடுக்கப் போகும் படை, எவ்வளவு நல்லெண்ணத்தோடு போனாலும், அவர்கள் மேலேயே துப்பாக்கியைத் திருப்பும் நாள் வந்துவிடும்.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஐ.நா. சாசனத்தின் 2ஆவது பிரிவு ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்துவேன் என்று மிரட்டவும் கூடாது என்கிறது. தற்காப்பும் பாதுகாப்புச் சபையின் ஒப்புதலும் மட்டுமே விலக்கு. 1954இல் இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட பஞ்சசீலத்திலும் ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடாமை ஒரு கொள்கை. இதெல்லாம் காகிதத்தில்தானே இருக்கிறது என்று தள்ளிவிடாதீர்கள். 1953இல் ஈரானில் பிரதமர் மொசாடெக்கையும் 1954இல் குவாதமாலாவில் அதிபர் அர்பென்ஸையும் அமெரிக்க உளவுத்துறை கவிழ்த்தது. இருவரும் முறையாக ஆட்சிக்கு வந்தவர்கள். 1956இல் புடாபெஸ்டிலும் 1968இல் பிராகாவிலும் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. எல்லா முறையும் அந்த மக்களின் நன்மைக்காக என்றுதான் சொன்னார்கள். சின்ன நாடுகளுக்கு அந்தப் பிரிவுதான் வேலி. ஆகவே தலையிடாமல் இருப்பதே பொது விதி. வேலியைத் தாண்டுகிறவர்தான் ஏன் தாண்டினேன் என்று கணக்குச் சொல்ல வேண்டும்.

சரி, 1971க்கு வருவோம்.

1970 டிசம்பரில் பாகிஸ்தானில் பொதுத்தேர்தல் நடந்தது. கிழக்குப் பாகிஸ்தானுக்கு உரிய 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் பிடித்தது. நாடு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அதற்குத்தான் பெரும்பான்மை. முறைப்படி முஜிபுர் ரஹ்மான் பிரதமராகியிருக்க வேண்டும். ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானும் மேற்குப் பகுதி அரசியல்வாதிகளும் அதை ஏற்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் தெருவில் இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்கள் சுடப்பட்டார்கள், பேராசிரியர்கள் கொல்லப்பட்டார்கள், பழைய டாக்காவில் இந்துக்கள் வாழ்ந்த தெருக்கள் எரிந்தன. முஜிபுர் ரஹ்மானைக் கைது செய்து மேற்கே கொண்டுபோனார்கள்.

அப்போது டாக்காவில் அமெரிக்காவின் துணைத் தூதராக இருந்தவர் ஆர்ச்சர் பிளட். ஏப்ரல் 6ஆம் தேதி அமெரிக்க அதிகாரிகள் இருபது பேர் கையெழுத்திட்டு, பிளட்டின் ஆதரவோடு, தங்கள் அரசின் மௌனத்தையே கண்டித்து வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார்கள். ஒரு அரசு ஊழியர் தன் அரசுக்கு எதிராக அவ்வளவு வெளிப்படையாக எழுதுவது அபூர்வம். அதிபர் நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிளட்டை அந்தப் பதவியிலிருந்து மாற்றினார்கள். சீனாவோடு ரகசியமாகப் பேச அவர்களுக்கு யாஹ்யா கான் பாலமாக இருந்தார். அந்த ஜூலையில் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தானில் இருந்துதான் யாருக்கும் தெரியாமல் பீஜிங் போனார்.

இந்த இடத்தை மாணவர்களிடம் நான் அவசரப்பட்டுத் தாண்டியதே இல்லை. 'இது பாகிஸ்தானின் உள்விவகாரம், நாங்கள் தலையிட மாட்டோம்' என்பதுதான் அமெரிக்காவின் நிலை. ஆனால் அந்த இரவில் டாக்கா தெருக்களில் உருண்ட டாங்கிகள் அமெரிக்கா கொடுத்தவை. பலமுள்ள நாட்டுக்கு 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று சொல்லும் வசதி கிடையாது. அது ஆயுதம் விற்றிருக்கும், கடன் கொடுத்திருக்கும், ஐ.நா.வில் ஒரு கை தூக்கியிருக்கும். 'தலையிடலாமா' என்று கேட்பதற்கு முன்பே அது பாதி உள்ளே இருக்கிறது.

இந்தியாவுக்கு வந்த அகதிகள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். திரிபுராவின் சொந்த மக்கள்தொகையே அப்போது சுமார் 15 லட்சம்தான். அங்கே வந்து சேர்ந்த அகதிகள் கிட்டத்தட்ட அதே அளவு. முகாம்களில் காலரா பரவியது. குழந்தைகள் செத்தார்கள். அதன் பிறகும் இந்தியா உடனே படையெடுக்கவில்லை. அவசரப்படுத்தியபோது மழைக்காலம் வருகிறது, ஆறுகள் பெருகும், தயாராக அவகாசம் வேண்டும் என்று தான் மறுத்ததாகத் தளபதி மானெக்‌ஷா பின்னாளில் சொன்னார். அந்த எட்டு மாதங்களில் நடந்தவை முக்கியம். ஏப்ரல் 17ஆம் தேதி தாஜுதீன் அகமது தலைமையில் வங்கதேசத்தின் தற்காலிக அரசு பதவியேற்றது. வங்காளிகளின் விடுதலைப் படையான முக்தி பாஹினியின் வீரர்களுக்கு இந்தியா பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. ஆகஸ்ட் 9இல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம். அக்டோபர், நவம்பரில் இந்திரா காந்தி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், அகதிகள் திரும்பிப் போகும்படி யாஹ்யா கானை வற்புறுத்துங்கள் என்று ஒவ்வொரு தலைநகரிலும் கேட்டார். யாரும் அசையவில்லை.

டிசம்பர் 3ஆம் தேதி பாகிஸ்தான் விமானங்கள் மேற்கு எல்லையில் இந்திய விமானத் தளங்களைத் தாக்கின. டிசம்பர் 6ஆம் தேதி இந்தியா வங்கதேசத்தை அங்கீகரித்தது. மறுநாளே ஐ.நா. பொதுச்சபை போரை நிறுத்திப் படைகளைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஆதரவு 104, எதிர்ப்பு 11. உலகமே அந்த வாரம் இந்தியாவுக்கு எதிராக நின்றது என்று சொல்லலாம். அமெரிக்காவின் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவை நோக்கிக் கிளம்பியது. டிசம்பர் 16ஆம் தேதி டாக்கா குதிரைப்பந்தயத் திடலில் பாகிஸ்தான் படைத் தளபதி நியாசி சரணடைந்து கையெழுத்திட்டார். 13 நாட்களில் போர் முடிந்தது.

இது ஏன் பலித்தது? ராணுவத் திறமை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் 1970 டிசம்பர் தேர்தல். தங்களுக்கு என்ன வேண்டும், தங்கள் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை அந்த மக்கள் ஓட்டுப் போட்டே சொல்லியிருந்தார்கள். இந்தியப் படை போய் ஒரு தலைவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை இல்லை. சாவியை யாரிடம் கொடுப்பது என்று டாக்காவில் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, நம் படை திரும்பி வந்தது. 1972 ஜனவரி 10ஆம் தேதி முஜிபுர் ரஹ்மான் நாடு திரும்பினார். பிப்ரவரியில் அவர் கல்கத்தா வந்தபோது, மார்ச் 25க்குள் இந்தியப் படை முழுவதும் வெளியேறும் என்று முடிவானது. மார்ச் 12ஆம் தேதியே டாக்காவில் விடைபெறும் அணிவகுப்பு நடந்துவிட்டது. வந்த படையைப் போகச் சொல்ல அங்கே ஒருவர் இருந்தார், அவர் சொன்னதும் படை கிளம்பியது. என் கண்ணில் 1971இன் மிகப் பெரிய சாதனை அந்த மார்ச் மாதம்தான்.

இந்தியாவின் நோக்கம் அவ்வளவு சுத்தமா என்று கேட்பீர்கள். இல்லை. பாகிஸ்தானை இரண்டாக்குவதில் டெல்லிக்கு லாபம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோக்கத்தில் கலப்பே இல்லாதவர்தான் காப்பாற்ற வர வேண்டும் என்று காத்திருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்ததும் கருணையால் மட்டும் இல்லை; எல்லையில் அதற்குத் தொல்லை இருந்தது. ஆனால் 1979 ஜனவரி 7ஆம் தேதி அது தலைநகர் நாம் பென்னைப் பிடித்ததால்தான் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சாகடித்த போல் போட் ஆட்சி முடிந்தது. உலகம் அதற்குக் கொடுத்த பதில் என்ன தெரியுமா? அதன் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் ஐ.நா.வில் கம்போடியாவின் இடம் போல் போட் தரப்பிடமும் அவர்களைச் சேர்த்துக்கொண்ட கூட்டணியிடமும்தான் இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். வியட்நாம் மீதும் ஒரு குறை உண்டு. காப்பாற்றியவர்கள் அதோடு கிளம்பவில்லை. 1989 வரை அங்கேயே இருந்தார்கள். மீட்பு என்று தொடங்கியது ஆக்கிரமிப்பு என்று பெயர் எடுத்தது.

இப்போது யாழ்ப்பாணம். இதை எழுதும்போது எனக்குப் பாடம் நடத்தும் குரல் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987இல் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ராமநாதபுரம் மாவட்டம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தப்பி வந்து மண்டபம் முகாமில் தங்கிய குடும்பத்துப் பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அந்த மே மாதம் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரிய தாக்குதல் நடத்தியது. ஜூன் 3ஆம் தேதி இந்தியா மீன்பிடிப் படகுகளில் அனுப்பிய உணவுப்பொருட்களை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து அரிசியும் பருப்பும் மருந்தும் போட்டன. கூடவே மிராஜ் போர் விமானங்கள் காவலுக்குப் போயின. அதற்குப் 'பூமாலை' என்று பெயர். அன்றைக்கு என் நண்பன் அழுதுகொண்டே சிரித்ததை நான் மறக்கவில்லை. ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த நாள் இந்திய அமைதிப்படை பலாலியில் இறங்கியபோது யாழ்ப்பாண மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். ஊரே கொண்டாடியது, நாங்களும் கொண்டாடினோம். அவன் மட்டும் செய்தித்தாளைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "எங்களை ஒருத்தரும் கேக்கேல்லையடா."

அவன் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் பிறகு நான் எத்தனையோ வருடம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒப்பந்தம் இரண்டு அரசுகளுக்கு நடுவே போடப்பட்டது. தமிழர் தரப்பில் யாரும் அதில் கையெழுத்திடவில்லை. தமிழர் விடுதலைக் கூட்டணியும் இல்லை, விடுதலைப் புலிகளும் இல்லை. பிரபாகரனை முன்கூட்டியே டெல்லிக்குக் கொண்டுபோய் அசோகா ஓட்டலில், வெளியே யாரோடும் பேச முடியாதபடி வைத்திருந்தார்கள். ஒப்பந்தப்படி ஐந்து நாட்களுக்குள் போராளிகள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். வடக்கும் கிழக்கும் இணைந்து ஒரு மாகாணம் ஆகும். ஆனால் கிழக்கு மக்கள் பின்னால் ஒரு வாக்கெடுப்பில் அதைப் பிரிக்கலாம். ஆகஸ்ட் 4ஆம் தேதி சுதுமலையில் பேசிய பிரபாகரன், இந்தியப் படைக்கு எதிராக ஆயுதம் ஏந்த விரும்பவில்லை, ஆனால் இந்த ஒப்பந்தம் தமிழர் பிரச்சினையைத் தீர்க்கும் என்று நம்பவில்லை என்ற பொருளில் பேசினார்.

ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களையும் படிக்க வேண்டும். இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டுக்கும் ராணுவப் பயன்பாட்டுக்குக் கொடுக்கக் கூடாது, அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைக்கும், வெளிநாட்டு வானொலி நிலையங்கள் ராணுவ வேலைக்குப் பயன்படக் கூடாது என்றெல்லாம் அவற்றில் வரும். டெல்லிக்கு அக்கறை உண்மையாகவே இருந்தது என்று நான் நம்புகிறேன். அக்கறையும் ஆதாயமும் ஒரே உறைக்குள் இருந்தன. 1971இலும் இருந்ததுதான். ஆனால் 1971இல் வங்காளிகளின் விருப்பமும் டெல்லியின் ஆதாயமும் ஒரே திசையில் ஓடின. இங்கே கொழும்பையும் திருப்திப்படுத்த வேண்டும், தமிழர்களையும் காப்பாற்ற வேண்டும், திருகோணமலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். திசை பிரிந்தபோது எது மிஞ்சும் என்பது இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 15ஆம் தேதி புலிகள் இயக்கத்தின் திலீபன் நல்லூரில் ஐந்து கோரிக்கைகளோடு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. 26ஆம் தேதி இறந்தார். அக்டோபர் முதல் வாரத்தில் கடலில் பிடிபட்ட குமரப்பா, புலேந்திரன் முதலிய புலிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோக இலங்கை அரசு பிடிவாதம் பிடித்தது. இந்தியப் படை பக்கத்திலேயே இருந்தும் தடுக்க முடியாமல் போனது. அவர்கள் சயனைடு கடித்தார்கள். அதன் பின் புலிகள் கிழக்கில் சிங்களப் பொதுமக்களைக் கொன்றார்கள். அதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அக்டோபர் 10ஆம் தேதி அமைதிப்படை புலிகள் மீது போர் தொடுத்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் இரவில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய வீரர்கள் முப்பது பேரில் ஒருவர்தான் உயிர் பிழைத்தார். யாருடைய பிள்ளைகளோ, எந்த ஊர் என்றுகூடச் சரியாகத் தெரியாத இடத்தில் செத்தார்கள். அக்டோபர் 21, தீபாவளி. அன்று யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டதில் டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாலை போட்டு மூன்று மாதம் ஆகவில்லை. அந்தத் தீபாவளிக்கு நண்பன் முகாமை விட்டு வெளியே வரவில்லை. அவனுடைய பெரியம்மா குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்தது.

சில ஆயிரம் பேரோடு போன படை பல பத்தாயிரமாகப் பெருகி, 32 மாதம் அங்கே கிடந்தது. 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். இறந்த தமிழ்ப் பொதுமக்களின் கணக்கு எடுக்கப்படவே இல்லை. தெற்கில் இந்திய எதிர்ப்பை எரிபொருளாக்கி, சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி.யின் கிளர்ச்சி மூண்டது, அதை அடக்குகிறோம் என்று இலங்கை அரசு சிங்கள இளைஞர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. 1989இல் அதிபர் பிரேமதாசா வெளியே போங்கள் என்றார். அதோடு நிற்காமல், இந்தியப் படையோடு போரிடப் புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். 1990 மார்ச் 24ஆம் தேதி கடைசிக் கப்பல் கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் அந்தப் படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. பதினான்கு மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார்.

வேலியில் போன ஓணானை மடியில் எடுத்துவிட்டுக்கொண்ட கதை என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. என் உறவினர்களே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது எப்போதும் வலிக்கும். முதலில், அது வேலியில் தானாகப் போய்க்கொண்டிருந்த சண்டை கிடையாது. 1983க்குப் பிறகு போராளி இயக்கங்களுக்கு டேராடூன் பக்கத்திலும் தமிழ்நாட்டிலும் பயிற்சி கொடுத்தது இந்திய உளவுத்துறை. ஒரே இயக்கத்துக்குக் கொடுக்காமல் பலவற்றுக்குத் தனித்தனியாகக் கொடுத்தது, கொழும்பை ஒரு பிடியில் வைத்திருக்க. பிறகு அவர்களையே நிராயுதபாணியாக்கப் போனது. அடுத்தது, மடியில் விட்டுக்கொண்டவருக்குக் குத்தியது மட்டும்தான் அந்தப் பழமொழியில் வரும். யாழ்ப்பாணத்தில் செத்தவர்கள் அதில் எங்கேயும் வரமாட்டார்கள்.

வங்கதேசத்தில் இருந்து யாழ்ப்பாணம் எப்படி வேறுபட்டது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். இரண்டிலும் துன்பப்பட்டவர்கள் இருந்தார்கள், அகதிகள் இருந்தார்கள், அண்டை நாட்டின் ஆதாயம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் யாருக்காகப் போனோமோ அவர்களுடைய சம்மதம் கையில் இல்லை. மாலை போட்டது சம்மதம் ஆகாது. ஷெல்லடியில் இருந்து மூச்சுவிட இடம் கிடைத்த நன்றி அது. அதை ஒப்பந்தத்துக்கான கையெழுத்து என்று டெல்லி எடுத்துக்கொண்டது.

ஈராக்கிலும் இதேதான். 2003இல் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லிப் போனார்கள், அப்படி எதுவும் கிடைக்கவில்லை. சதாம் உசேன் கொடுங்கோலன் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஆட்சி கவிழ்ந்த பிறகு எடுத்த பெரிய முடிவுகள் எல்லாம் பாக்தாத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அமெரிக்க அதிகாரியின் கையெழுத்தில் வந்தன. பால் பிரெமர் 2003 மே மாதத்தில் ஈராக் ராணுவத்தையே கலைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கான ஆண்கள் ஒரே நாளில் சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். பிறகு வந்த வன்முறையில் அவர்களில் பலர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று சொல்லத் தேவையில்லை. லிபியா இன்னொரு மாதிரி. 2011 மார்ச்சில் பாதுகாப்புச் சபை பொதுமக்களைக் காக்க அனுமதி கொடுத்தது. பெங்காசி நகரைக் காப்பாற்றியதோடு நிறுத்தியிருக்கலாம். கடாஃபி சாகும்வரை குண்டு வீசினார்கள், அவர் செத்த பிறகு நாட்டைத் துப்பாக்கிக் குழுக்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தத் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, இன்றைக்கு அந்த ஒதுங்கலில் அர்த்தம் இருந்ததாகத் தோன்றுகிறது.

இதுவரை படித்துவிட்டு, அப்படியானால் பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். டெல்லி அப்படித்தான் முடிவுகட்டியது. 1990க்குப் பிறகு இலங்கை என்றாலே 'ஒருமுறை கை சுட்டது போதும்' என்ற பேச்சுதான். அந்த மனநிலையோடுதான் 2009க்குப் போனோம்.

2008 செப்டம்பரில் இலங்கை அரசு சொன்னதன் பேரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். போகாதீர்கள், நீங்கள் போனால் என்ன நடக்கிறது என்று பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் கூடி நின்று கெஞ்சினார்கள். அவர்கள் பயந்தபடியே நடந்தது. அரசு 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்த இடங்களிலேயே ஷெல் விழுந்தது, மருத்துவமனைகள் மீதும் விழுந்தது. புலிகளும் தப்பி ஓட முயன்ற மக்களைச் சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்க் களத்தில் நிறுத்தினார்கள். கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 வரைகூட இருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் சொன்னது. பாதுகாப்புச் சபை அதைத் தன் முறையான நிகழ்ச்சிநிரலில் ஒருமுறைகூட எடுக்கவில்லை. 2012இல் வெளிவந்த ஐ.நா.வின் உள் ஆய்வு, தன் நிறுவனமே கடுமையாகத் தவறியது என்று ஒப்புக்கொண்டது. போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, மே 27ஆம் தேதி ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கை அரசைப் பாராட்டும் விதமாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரித்து வாக்களித்த 29 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இதைத் 'தலையிடாமை' என்று சொல்ல முடியுமா? 1971இல் வாஷிங்டன் செய்ததும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

அப்போது மட்டும் என்ன செய்திருக்க முடியும், மறுபடியும் படை அனுப்பச் சொல்கிறீர்களா என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. படை போயிருந்தால் இன்னொரு 1987தான். தலையீடு என்றவுடன் நமக்கு டாங்கி மட்டுமே கண்ணில் படுவதுதான் இந்த விவாதத்தின் பெரிய கோளாறு. ருவாண்டாவில் 1994 ஏப்ரலில் ஐ.நா. படை ஏற்கெனவே உள்ளே இருந்தது. அதன் தளபதி டல்லேர் இன்னும் ஆட்கள் வேண்டும் என்று கேட்டார். பாதுகாப்புச் சபை அதை 270 பேராகக் குறைக்கச் சொல்லி முடிவெடுத்தது. நூறு நாளில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே புதிதாக ஒரு நாட்டைப் பிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இருக்கிறவர்களை எடுக்காதீர்கள் என்றுதான் கேட்டார்கள். கிளிநொச்சி வாசலில் நின்ற மக்கள் கேட்டதும் அதுதான்.

வன்னியில் அந்த அளவுக்கான ஒரு வேலை உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது. 2009 பிப்ரவரியில் இருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் ஒரு கப்பல் புதுமாத்தளன் கரைக்கு அப்பால் வந்து நிற்கும். காயம்பட்டவர்களைச் சின்னப் படகுகளில் கொண்டுபோய் அதில் ஏற்றுவார்கள். கப்பல் அவர்களை முதலில் திருகோணமலையிலும் பிறகு புல்மோட்டையிலும் இறக்கியது. புல்மோட்டையில் மார்ச் மாதம் முதல் இந்திய அரசு அனுப்பிய டாக்டர்களும் நர்ஸ்களும் ஒரு தற்காலிக மருத்துவமனையில் அவர்களுக்கு அறுவைசிகிச்சை செய்தார்கள். இந்தியா அந்த ஆண்டு செய்த தலையீடுகளில் நான் மனதார மதிப்பது இந்த ஒன்றைத்தான். அதற்கு யாருடைய ஆட்சியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. யார் யாரை ஆள வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மக்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடிய எதுவும் அதில் இல்லை.

ஏப்ரல் 27ஆம் தேதி கனரக ஆயுதங்களைப் பயன்படுத்தமாட்டோம் என்று கொழும்பு அறிவித்தது. ஷெல்லடி நிற்கவில்லை. மே 9ஆம் தேதிக்குப் பிறகு அந்தக் கப்பலால் காயம்பட்டவர்களை ஏற்றவே முடியவில்லை. அதற்கு அப்புறமும் ஒன்பது நாள் போர் நடந்தது. டெல்லிக்குக் கொழும்பின் மேல் என்னென்ன பிடி இருந்ததோ, அத்தனையையும் அந்த ஒன்பது நாளில் ஒரே ஒரு கோரிக்கைக்காக, அந்தக் கப்பலை மறுபடி கரைக்கு விடுங்கள் என்பதற்காக, செலவழித்திருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.